இரண்டாம் ஆட்டம் விட்டு வரும் வழி

ஜப்பானிலும் அமெரிக்காவிலும் இளைஞர்கள் இருட்டறையில் அமர்ந்து ஆடுகின்ற பேய் விளையாட்டுகளைத் திரைப்படமாக்கும் வழக்கம் சென்ற இருபத்தைந்து ஆண்டுகளாகப் பெருகி வருகிறது. அவற்றில் பல, விளையாட்டை ஆடியவர்களுக்குத் திருப்தி தராமலும் ஆடாதவர்களுக்கு விளங்காமலும் போவதைக் கண்டு, இது கணினி யுகம் கொண்டுவந்த புதிய சங்கடம் என்று பலர் கருதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒருவன் தன் காலால் நடந்து, தன் நெஞ்சால் துணிந்து அனுபவிக்க வேண்டிய ஓர் அச்சத்தை, உட்கார்ந்த இடத்தில் கண்ணால் மாத்திரம் காணத்தக்க காட்சியாக மாற்றும்போது கைநழுவிப் போவது எது, அதை எவ்வழியில் மீட்பது என்பதே இதிலுள்ள பிரச்சினை. விளையாட்டு என்ற யந்திரம் பிறப்பதற்கு நெடுங்காலம் முன்னரே கம்பம் பள்ளத்தாக்கு இதனோடு பழகியிருக்கிறது.

மிகப் பழைய உதாரணம் கூடலூருக்கு மேற்கே வண்ணாத்திப்பாறை மலையின் உச்சியில், தமிழ்நாடும் கேரளமும் தமக்கென்று வழக்காடுகின்ற எல்லையில், இடிந்த கற்றளியாக நிற்கும் மங்கலதேவி கோட்டம். சிலப்பதிகாரத்தின் பதிகம் சொல்லுகிறபடி, அக்காப்பியத்துக்கு முதல் வித்து புலவர் உள்ளத்தில் விழுந்ததன்று. வேங்கை மரத்து நிழலில் ஒரு முலை இழந்து நின்ற பெண்ணொருத்தி தங்கள் கண்முன் விண்ணேறிய அதிசயத்தைக் குன்றக் குறவர் வந்து இளங்கோவிடம் உரைத்ததே முதல். அந்தக் குறவர்கள் இலக்கியம் செய்ய வரவில்லை. தினை காக்கப் போன இடத்தில் கண்டு நடுங்கியதைச் சொல்ல வந்தார்கள். மலையில் நிகழ்ந்த நடுக்கம் அடிகளின் கையில் காப்பியமாயிற்று, காப்பியம் கூத்தாயிற்று, ஜுபிடர் பிக்சர்ஸார் 1942-இல் எடுத்த 'கண்ணகி'யில் கண்ணாம்பாளின் குரலாயிற்று, 1964-இல் 'பூம்புகார்' என்ற பெயரில் மறுபடியும் திரைக்கு வந்தது. இவ்வளவு மாறியும் மலைமேல் ஏறுகிற வழக்கம் நின்றுவிடவில்லை. சித்ரா பௌர்ணமி ஒரு நாளில் மாத்திரம், இரு மாநில அதிகாரிகளின் அனுமதியோடு, பளியங்குடியிலிருந்து காட்டுவழியாக மேல்மூச்சுக் கீழ்மூச்சு வாங்க ஏறுகிற ஜனங்களில், திரையில் கண்ட கண்ணகி போதும் என்று வீட்டில் இருந்துவிடலாமே என எண்ணுகிறவர் எவரும் இல்லை. பேராசிரியர் சி. கோவிந்தராசனார் இந்தக் கோட்டத்தைக் கண்டறிந்து உலகுக்கு எடுத்துரைத்ததும் ஏட்டைப் புரட்டி அல்ல; கண்ணகி சென்ற வழியைத் தம் காலால் நடந்து தேடிச் சென்றுதான். அந்த ஆராய்ச்சியைச் சொல்லும் நூலுக்குக் 'கண்ணகியார் அடிச்சுவட்டில்' என்று அவர் பெயரிட்டது மிகவும் பொருத்தம்.

இனி, காப்பியத்தின் உயரத்திலிருந்து சாமானிய ஜனங்களின் இரவுக்கு இறங்குவோம். மேற்கே ஏலமலையும் தென்கிழக்கே மேகமலையும் வருசநாட்டு மலைகளும் அரணாக நிற்க, கூடலூர் தொடங்கிக் கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி என்று தேனி வரையில் சரிந்து வரும் இந்தப் பள்ளத்தாக்குக்கு, திருவிதாங்கூர் சமஸ்தானத்தோடு 1886-இல் செய்துகொண்ட உடன்படிக்கையின் பேரில் பென்னிகுவிக் கட்டிய பெரியாற்று அணையின் நீர் 1895-இல் வந்து சேர்ந்தது. வயல் பெருகிற்று, வாழ்வு பெருகிற்று, இரவு மாத்திரம் பழைய இரவாகவே இருந்தது. அணை வேலைக்குப் போன கூலியாட்கள் மலைக்காய்ச்சலிலும் காலராவிலும் மாண்டு, காட்டிலேயே புதையுண்டு போன செய்தி ஊர்களின் நினைவில் தங்கிற்று. ஏலத் தோட்டங்களுக்குக் கம்பம்மெட்டு வழியாகவும் போடிமெட்டு வழியாகவும் தேவாரத்துப் பாதை வழியாகவும் விடியுமுன்னே மலையேறிய ஆண்களும் பெண்களும், யானைக்கும் காட்டுமாட்டுக்கும் அஞ்சி அஞ்சி நடந்தார்கள். கோம்பை நாய் இந்த மண்ணின் ஜாதி நாய். அது காரணமின்றி ஊளையிட்டால் காரணம் ஒன்று இருந்தே தீரும் என்பது வழக்கு. லோயர் கேம்பில் நீர்மின் நிலையம் 1950-களின் கடைசியில் ஓடத் தொடங்கிய பிறகும், அந்த மின்சாரம் கம்பி வழியே வெகுதூரம் சென்றதேயல்லாமல், அதற்கு அருகிலிருந்த பல சிற்றூர்களின் தெருவிளக்குகளுக்கு வந்து சேர நாட்கள் ஆயின.

இரவைப் பற்றிப் பேசுகிறவன் மற்றோர் அச்சத்தைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. குற்றப் பரம்பரைச் சட்டம் இப்பகுதியில் ரேகைச் சட்டம் என்று பெயர் பெற்றது. அது அமலில் இருந்த காலத்தில் பிரமலைக் கள்ளர் ஊர்களின் ஆடவர் இராப்பொழுதில் போலீஸ் ஸ்டேஷனில் ஆஜர் கொடுத்து அங்கேயே படுத்துக் கிடக்க வேண்டியிருந்தது. அதை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ஆம் நாள் துப்பாக்கிச் சூடு நடந்தது. 1947-இல்தான் அச்சட்டம் இங்கே ஒழிந்தது. பேய்க்கதைகளில் இந்தப் போலீஸ் பயம் நேராக வருவதில்லை. ஆனால் இரவில் எவன் எந்த வழியில் நடக்கலாம், எவன் கூடாது என்பதை சர்க்காரே விதித்திருந்த ஊர்களில், பேயும் அப்படியே விதிகளை வகுத்துக்கொண்டு நடமாடியது என்றால் அதில் ஆச்சரியம் கொள்வதற்கில்லை.

அந்த விதிகள்தாம் நம்முடைய விஷயத்துக்கு முக்கியம். கிராமத்துப் பேய்க்கதையில் பேயின் உருவ வர்ணனை அதிகம் இராது. வெள்ளைப் புடைவை, விரித்த தலை, தரையில் பாவாத கால் என்று மூன்று சொல்லோடு முடிந்துவிடும். கதை சொல்லும் பாட்டி நெடுநேரம் நிற்பது வேறிடத்தில்: உச்சிவேளையில் தனியே கிணற்றடிக்குப் போகாதே, கறிக்குழம்பு எடுத்துப் போனால் தூக்குச்சட்டியோடு ஒரு கரித்துண்டோ இரும்புத்துண்டோ போட்டுக்கொள், முனி ஓடும் பாதையில் கட்டிலைப் போடாதே, இருட்டில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் முதற்குரலுக்கும் இரண்டாங்குரலுக்கும் வாய் திறவாதே, மூன்றாம் முறை கூப்பிட்டால் மனிதன், எது கேட்டாலும் திரும்பிப் பார்க்காமல் நட. இவற்றைக் கேட்டுக்கொண்டிருந்த பிள்ளை வெறும் ரசிகனாக இருக்கவில்லை. மறுநாள் அந்தக் கிணற்றடிக்கு அவனே போக வேண்டும். கரித்துண்டை அவனே எடுத்துப் போட வேண்டும். மூன்றாங்குரலுக்கு அவனே காத்திருக்க வேண்டும். கதை அவனிடம் ஒப்படைத்தது ஒரு சம்பவத்தை அல்ல, ஒரு சட்டத்தை. சட்டத்தை மீறினால் என்ன ஆகும் என்பதைச் சோதித்துப் பார்க்கும் சுதந்திரமும் அவனுக்கு இருந்தது. இன்றைய கணினி விளையாட்டைச் செய்கிறவர்கள் பல கோடி ரூபாய் செலவிட்டு உண்டாக்குகிற நிலைமை இதுவேயன்றி வேறல்ல.

விதிகளை மீறியவரின் வழக்கைத் தீர்க்கிறவர் கோடாங்கி. சோர்ந்து, அன்னம் தண்ணீர் கொள்ளாமல், தனக்குத்தானே பேசத் தொடங்கிய பெண்ணை வாசலில் உட்காரவைத்து, விபூதி தட்டுக்கு எதிரே கோடாங்கி உடுக்கையை எடுத்து மெல்லத் தட்டத் தொடங்கும்போது, முற்றத்தைச் சுற்றி ஊரே கூடிவிடும். உடுக்கையின் இடுப்புக் கயிற்றை அவர் இறுக்க இறுக்க ஒலி ஏறும். பெண்ணின் தலை சுழலத் தொடங்கும். யார் நீ, எந்த ஊர், இவளை எங்கே பிடித்தாய், எதைக் கண்டு பிடித்தாய், என்ன கொடுத்தால் போவாய் என்று வினாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். விடை சொல்லப் பேய் மறுக்கும், பொய்ப் பெயர் சொல்லும், அழும், சிரிக்கும். இங்கே கவனிக்கத்தக்கது சுற்றி நிற்கிறவர்களின் நிலை. சென்ற ஐப்பசியில் கிணற்றில் விழுந்தவள் யார், மணமாகாமல் இறந்தவன் யார் என்பது அவர்களுக்குத் தெரியும். பேய் தன் பெயரைச் சொல்லுமுன்பே அந்தப் பெயர் அவர்கள் உதட்டில் வந்து நிற்கும். இன்னாராகத்தான் இருக்க வேண்டும் என்று ஒரு கிழவி முணுமுணுப்பதைக் கோடாங்கி காதில் வாங்கிக்கொள்வார். இறுதியில் பெண்ணின் உச்சிமுடியில் ஒரு கற்றையை எடுத்து, ஊருக்கு வெளியே உள்ள புளியமரத்தில் ஆணியால் அறைந்து, திரும்பிப் பார்க்காமல் எல்லோரும் வந்துவிடுவார்கள். பழைய புளியமரங்கள் சிலவற்றின் பட்டையில் துருவேறிப் பாதி விழுங்கப்பட்ட ஆணிகள் இன்றும் இருக்கின்றன. நாடகம் அன்றோடு முடிந்தது. அந்த மரத்தடி வழியே பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்கு அது முடியவே இல்லை.

தோல்பாவைக்கூத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மராட்டிய வழிவந்த மண்டிகர்கள் மாட்டுவண்டியில் குடும்பத்தோடு வந்து, வெள்ளை வேட்டித் திரைக்குப் பின்னே விளக்கேற்றி, மயில்ராவணனையும் நல்லதங்காளையும் ஆட்டுவித்தார்கள். ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் தள்ளித் தானும் விழுந்த நல்லதங்காளின் ஊர் என்று சொல்லப்படும் அர்ச்சுனாபுரம், வருசநாட்டு மலைக்கு மறுபுறம் வத்திராயிருப்பின் அருகே இருப்பதால், அந்தக் கதை இங்கே பக்கத்து வீட்டுச் செய்தி போல் கேட்கப்பட்டது. பயம் மிஞ்சும் சமயத்தில் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் வந்து ஆபாசமும் ஹாஸ்யமும் கலந்து பேசி ஜனங்களைச் சிரிக்கவைத்துவிடுவார்கள். இந்தக் காலத்துப் பேய்ப்படங்களில் ஹாஸ்ய நடிகரைப் பேயோடு ஓடவிடுவது புது உத்தி என்று நினைக்கிறவர்கள், உச்சிக்குடும்பனுக்கு ஒரு நமஸ்காரம் போட்டுவிட்டு அப்புறம் பேசுவது நலம்.

பிறகு வந்தது கொட்டகை. சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-இல் ஏசுநாதர் சரிதத்தின் படச்சுருளோடு ஊர் ஊராகக் கூடாரமடித்துக் காட்டத் தொடங்கிய வழக்கம், பேசும்படம் வந்த பிறகு டூரிங் டாக்கீஸ் என்ற பெயரில் தென்னாட்டுக் கிராமங்களை ஆட்கொண்டது. கம்பம் பள்ளத்தாக்கில் படப்பெட்டி மதுரையிலிருந்து வர வேண்டும்; பெட்டி வந்துவிட்டதா என்று பஸ்ஸின் மேற்கூரையை அண்ணாந்து பார்ப்பதே பையன்களுக்கு ஒரு வேலை. பொழுது சாய்ந்து வெளிச்சம் அடங்கினால்தான் ஆட்டம் தொடங்க முடியும். மூங்கில் உச்சியில் கட்டிய குழாயில் பக்திப் பாட்டு இசைத்தட்டு ஒலிக்கத் தொடங்கியதும், வரப்பு வழியே அரிக்கன் விளக்குகள் நாலா திக்கிலிருந்தும் நகர்ந்து வரும். தரை டிக்கெட்டுக்காரர்கள் மணலைக் குவித்துத் தங்களுக்குள் சிம்மாசனம் செய்துகொள்வதும், பின்னால் இருப்பவன் மறைக்கிறது என்று கூவுவதும், குவியலைத் தட்டிவிட்டுச் சண்டை மூள்வதும் நித்திய நிகழ்ச்சிகள். ஒரே ஒரு புரொஜெக்டர்தான் உண்டு. சுருள் மாற்ற வேண்டிய போதெல்லாம் படம் நின்று, விளக்கு எரிந்து, முறுக்கும் கடலையும் வந்துவிடும். பேய் கதவைத் திறக்கப்போகும் கணத்தில் சுருள் தீர்ந்துபோனால், கதவுக்கு அப்புறம் என்ன என்பதைக் கொட்டகை முழுவதும் சேர்ந்து கற்பனை செய்து வாதிட்டுக்கொண்டிருக்கும். எடுத்தவர் நினையாத பேய்கள் அந்தச் சில நிமிஷங்களில் பல பிறந்தன.

ஜுபிடர் பிக்சர்ஸாரின் 'மர்மயோகி' 1951-இல் வெளிவந்தபோது, பேய் தோன்றும் காட்சிகளின் நிமித்தம் அதற்கு வயது வந்தோர்க்கு மாத்திரம் என்ற சான்றிதழ் தரப்பட்டது. தமிழ்ப் படங்களில் அவ்விதம் சான்றிதழ் பெற்ற முதற்படம் அதுவே. இத்தனைக்கும் அந்தப் படத்தில் வருவது நிஜப் பேய் அன்று. இறந்துபோனதாக எண்ணப்பட்ட அரசனே அவ்வாறு வந்து அச்சுறுத்துகிறான். கிராமத்துப் பிள்ளைகள் கைக்குழந்தைப் பருவத்திலேயே முனியையும் கோடாங்கியையும் கண்டு வளர்ந்தவர்கள் என்பதைத் தணிக்கை அதிகாரிகள் அறிந்திருந்தால் வெட்கப்பட்டிருப்பார்கள். டூரிங் கொட்டகையின் பொற்காலத்துப் பேய்ப்படம் என்று சொல்லத்தக்கது அதற்குப் பின்னால் வந்தது. விட்டலாச்சார்யா தெலுங்கில் 1978-இல் எடுத்துத் தமிழுக்கும் வந்த 'ஜகன்மோகினி'. அதில் வரும் மோகினி விறகுக்குப் பதிலாகத் தன் காலையே அடுப்பில் வைத்து எரித்துச் சமைக்கிற காட்சியை, படத்தின் மற்றக் கதையை முற்றிலும் மறந்துவிட்டவர்கள்கூட மறக்கவில்லை. தந்திரக் காட்சி மிகவும் எளியது. இன்றைய பிள்ளை பார்த்தால் சிரிப்பான். ஆயினும் அந்தக் காட்சி அன்று உண்டாக்கிய பீதிக்குத் திரை மாத்திரம் காரணமன்று.

காரணம் வீடு திரும்பும் வழியில் இருந்தது. இரண்டாம் ஆட்டம் விடுவதற்கு நள்ளிரவைத் தாண்டிவிடும். கொட்டகை ஊருக்கு வெளியே. வந்தவர்களின் ஊர்களோ இரண்டு மைல், மூன்று மைல் அப்பால். கண்மாய்க் கரையைக் கடந்து, சுடுகாட்டு வேலியை ஒட்டி, ஆணி அறைந்த புளியமரத்தடி வழியாகத்தான் போயாக வேண்டும். பெண்கள் நடுவிலும் ஆண்கள் முன்னும் பின்னுமாகக் கூட்டம் சேர்த்துக்கொண்டு புறப்படுவார்கள். கடைசியில் நடக்கச் சம்மதிக்கிறவன் அன்றைக்கு வீரன். ஒருவன் உரக்கப் பாடுவான், பாட்டில் ஆசையினால் அல்ல. கூட்டம் பிரியும் ஒவ்வொரு வண்டிப்பாதையிலும் துணை குறைந்துகொண்டே வரும். கடைசி அரை பர்லாங்குக்கு ஒருவன் தனியனாக நிற்பான். திரையில் கண்ட மோகினிக்கும் பாட்டி சொன்ன விதிகளுக்கும் அங்கேதான் சந்திப்பு. பின்னால் சருகு அசைந்தால் திரும்பிப் பார்ப்பதா, வேண்டாமா? கொட்டகையில் இரண்டரை மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருந்தவனுக்கு அந்தத் தீர்மானம் அந்த அரை பர்லாங்கில் திரும்பக் கிடைத்தது. படத்தின் கடைசிச் சுருள் அந்தப் பாதையிலேதான் ஓடிற்று என்று முதியவர்கள் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதைக் காட்டிலும் சரியாக நான் சொல்ல முடியாது.

இந்த மண்ணிலிருந்து சினிமாவுக்குப் போனவர்கள் இதை எப்படிக் கையாண்டார்கள் என்று பார்ப்பது சுவாரஸ்யமானது. அல்லிநகரத்துப் பாரதிராஜா 1977-இல் '16 வயதினிலே' மூலம் ஸ்டுடியோவுக்குள் கட்டிய அட்டைக் கிராமத்தை ஒழித்து, மெய்யான வயலையும் வாய்க்காலையும் திரைக்குக் கொண்டுவந்தவர். பண்ணைப்புரத்து இளையராஜா அதற்கு இசையமைத்தவர். ஆனால் அடுத்த ஆண்டு ஜனங்களைப் பயமுறுத்த வேண்டும் என்று இவ்விருவரும் சேர்ந்தபோது, தங்களுக்குப் பிறந்த நாள் முதல் தெரிந்த முனியையோ புளியமரத்தையோ அவர்கள் தொடவில்லை. 'சிகப்பு ரோஜாக்க'ளின் அச்சம் நகரத்து மாளிகையில், நாகரிக உடை தரித்த ஒரு கொலைகாரனிடத்தில் குடிகொண்டது. இதை ஒரு குறையாக நான் சொல்லவில்லை. கிராமத்தின் அழகைத் திரையில் வைக்க முடியும், கிராமத்தின் பயத்தை வைக்க முடியாது. அந்தப் பயம் நடக்கிறவனுடைய காலில் இருக்கிறது என்பதை அவர்களின் உள்ளுணர்வு உணர்ந்திருக்கலாம் என்பது என் அபிப்பிராயம். நடையையே கதையாக்கத் துணிந்த படம் பல ஆண்டுகளுக்குப் பின் வந்தது. லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை' 2018-இல் வெளியாகி, இதே பள்ளத்தாக்கிலிருந்து ஏலத் தோட்டத்துக்கு ஏறுகிற கூலிகளின் ஒவ்வோர் அடியையும் பார்க்கிறவனின் முழங்காலில் உணர்த்திற்று. அது பேய்ப்படம் அன்று. ஆயினும் பேய்ப்படம் எடுக்க விரும்புகிறவர்கள் அதை ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம்.

டூரிங் கொட்டகைகள் மறைந்த கதை எல்லா ஊருக்கும் பொதுவானது. கோயில் திருவிழாவில் வாடகைக்கு டெக் எடுத்து விடிய விடிய மூன்று படம் போட்டார்கள். பிறகு தொலைக்காட்சி வீட்டுக்குள் வந்தது. அப்புறம் பிரவுசிங் சென்டர், அப்புறம் கைபேசி. சாலையை அகலமாக்கும்போது புளியமரங்களும் போயின. இன்று தேனியில் இரவுக்காட்சி பார்த்துவிட்டு வருகிறவன் மோட்டார் சைக்கிள் விளக்கின் வெளிச்சத்தில் பத்து நிமிஷத்தில் ஊர் சேர்ந்துவிடுகிறான். வழி இல்லாமல் போனபடியால், முன்பு வழி செய்த வேலையையும் சேர்த்துத் தியேட்டரே செய்ய வேண்டியதாயிற்று. காது செவிடாகும்படி திடீரென்று ஒலியெழுப்பித் தூக்கிப்போடும் வழக்கம் பெருகியதற்கு இதுவும் ஒரு காரணம். அப்படித் தூக்கிப்போடுவது அதிர்ச்சி, பயமன்று.

வழியைத் திரும்பக் கொடுத்தது விளையாட்டு. 1989-இல் ஜப்பானில் கியோஷி குரோசாவா இயக்கிய 'ஸ்வீட் ஹோம்' என்ற பேய்ப்படமும், அதே பெயரில் கேப்காம் நிறுவனத்தார் செய்த விளையாட்டும் ஒரே ஆண்டில் வெளிவந்தன. அந்த விளையாட்டின் வாரிசாக 1996-இல் பிறந்ததே 'ரெசிடென்ட் ஈவில்'. பாழடைந்த மாளிகையில் ஒவ்வோர் அறையாக நாமே புக வேண்டும். ஒவ்வொரு கதவும் திறக்கும்போது திரை இருண்டு, கதவு மாத்திரம் மெதுவாகத் திறக்கும் காட்சி வரும். அடுத்த அறையைத் தட்டிலிருந்து படித்தெடுக்க யந்திரத்துக்கு வேண்டியிருந்த அவகாசத்தை மறைக்கச் செய்த உபாயம் அது. கோனாமி நிறுவனம் 1999-இல் வெளியிட்ட 'சைலன்ட் ஹில்'லில் ஊர் முழுவதையும் மூடியிருந்த மூடுபனியும், தூரத்துக் காட்சிகளை வரைய முடியாத யந்திரத்தின் ஏலாமையை மறைக்க வந்ததே. டூரிங் கொட்டகையின் ஒற்றைப் புரொஜெக்டர் போலவே இங்கும் கருவியின் வறுமை ஓர் இடைவெளியை உண்டாக்கிற்று. அந்த இடைவெளியில் ஆடுகிறவன் தன் சொந்தப் பேயைக் கொண்டுவந்து நிறுத்திக்கொண்டான்.

இவற்றைப் படமாக்கியவர்களுக்குப் பணம் இருந்தது, வறுமை இல்லை. 2002-இல் பால் ஆண்டர்சன் எடுத்த 'ரெசிடென்ட் ஈவில்' விளையாட்டில் இல்லாத ஆலிஸ் என்ற வீராங்கனையைப் புகுத்தி, கதவுகளைத் துப்பாக்கியால் திறந்தது. நன்றாக ஓடிற்று, தொடர்ச்சிகள் பல வந்தன. அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை, ஆனால் பயந்தவர் குறைவு. 2006-இல் கிறிஸ்டோஃப் கான்ஸ் 'சைலன்ட் ஹில்'லைப் பக்தியோடு அணுகினார். மகளைத் தேடும் தந்தையைத் தாயாக மாற்றினாரேயன்றி, மூடுபனியையும் சாம்பல் மழையையும் துருப்பிடித்த சுவர்களையும் கண்ணும் கருத்துமாக அமைத்தார். மேகமலையில் பனி இறங்கும்போது தேயிலைச் சரிவுகள் ஒவ்வொன்றாக அழிந்து போவதைக் கண்டவர்களுக்கு அந்தக் காட்சிகளின் சிறப்பு புரியும். எனினும் அந்தப் பனிக்குள் எந்தத் தெருவில் திரும்புவது என்று தீர்மானிக்கிறவள் அவளே, நாம் அல்லேம். 2014-இல் வந்த 'ஃபைவ் நைட்ஸ் அட் ஃப்ரெட்டிஸ்' இன்னும் விசேஷம். இரவுக் காவலாளி நாற்காலியை விட்டு எழ முடியாது, கேமராக்களைப் பார்ப்பதற்கும் கதவை அடைப்பதற்கும் மின்சாரம் செலவாகும், மின்சாரமோ அளவானது. 2012-ஆம் ஆண்டின் மின்வெட்டில் இன்வெர்ட்டரின் கடைசிப் புள்ளியைப் பார்த்துக்கொண்டே மின்விசிறியை அணைப்பதா விளக்கை அணைப்பதா என்று கலங்கிய தமிழர்களுக்கு அந்தப் பயத்தை விளக்கவே வேண்டாம். 2023-இல் படமானபோது அது வசூலைக் குவித்தது. ஆனால் காவலாளியின் குடும்பக் கதையும் கனவுகளும் பெருகி, கணக்கிட்டுச் செலவழிக்கிற அந்த மின்சாரப் பயம் ஒதுங்கிவிட்டது.

தமிழில் பேய் விளையாட்டு என்ற எண்ணத்தைத் திரைக்குள் இழுத்த முயற்சிகளில் குறிப்பிடத்தக்கது, அஷ்வின் சரவணன் தமிழிலும் தெலுங்கிலும் எடுத்து 2019-இல் வெளியான 'கேம் ஓவர்'. அது எந்த விளையாட்டின் தழுவலும் அன்று. விளையாட்டின் விதியை மாத்திரம் கடன் வாங்கிய படம். டாப்ஸி நடித்த கதாநாயகி கணினி விளையாட்டு அமைப்பவள். கால்கள் முறிந்து சக்கர நாற்காலியில் இருக்கிறாள். முகமூடி அணிந்த கொலைகாரர்கள் வீட்டுக்குள் வருகிறார்கள். அவளுக்கு மூன்று உயிர். ஒருமுறை தோற்று மறுமுறை தொடங்கும்போது, எந்த ஜன்னல் வழியாக ஆபத்து வரும் என்பது அவளுக்குத் தெரியும், நமக்கும் தெரியும். நடக்க இயலாதவளைக் கதாநாயகியாக வைத்ததில் ஒரு சாமர்த்தியம் உண்டு: நாற்காலியில் அமர்ந்து பார்க்கிறவனும் அவளும் ஒரே நிலையில் இருக்கிறார்கள். கோடாங்கியைச் சுற்றி நின்ற கூட்டத்துக்குப் பேயின் பெயர் முன்கூட்டியே தெரிந்திருந்தது எத்தகைய பங்கை அவர்களுக்குக் கொடுத்ததோ, அத்தகைய பங்கை இந்தப் படம் இரண்டாம் உயிரிலிருந்து நமக்குக் கொடுக்கிறது. முதல் உயிர் போகிற வரையில் சற்றே நீளம் என்பது மாத்திரம் என் குறை.

விளையாட்டையே தழுவி, விதியையும் கைவிடாமல் எடுத்த படம் சமீபத்தில்தான் வந்தது. 'எக்ஸிட் 8' என்ற ஜப்பானிய விளையாட்டு 2023-இல் கோடாகே கிரியேட் என்ற பெயரில் வெளியான சிறு முயற்சி. கெங்கி கவாமுரா அதைப் படமாக்கி 2025-இல் கான் விழாவின் நள்ளிரவுக் காட்சியில் திரையிட்டார். பூமிக்கு அடியில் ரயில் நிலையத்து நடைபாதை ஒன்று. வெள்ளை ஓடு பதித்த சுவர்கள். சில சுவரொட்டிகள், சில கதவுகள். எதிரே நடந்து வரும் ஒரே மனிதன். ஏதாவது மாறுதலாகத் தோன்றினால் திரும்பிப் போ, ஒன்றும் மாறாதிருந்தால் மேலே நட என்பதுதான் விதி. தவறினால் தொடக்கத்துக்கே வர வேண்டும். திரும்பிப் பார்க்காதே என்று கம்பம் பள்ளத்தாக்கின் பாட்டி சொன்னாள். உற்றுப் பார்த்துத் திரும்பு என்று ஜப்பானிய விளையாட்டு சொல்கிறது. இரண்டும் நடக்கிறவனுக்கு இட்ட கட்டளைகள். படத்தின் தொடக்கத்தில் கேமராவே நாயகனுடைய கண்ணாக இருக்கிறது. பிறகுதான் அவன் முகத்தை நாம் காண்கிறோம். அதற்குள் விதியை நாம் கற்றுவிட்டபடியால், பாதை ஒருமுறை வளைந்து மறுபடியும் அதே பாதையாக விரியும்போதெல்லாம் பார்க்கிறவன் சுவரொட்டிகளை எண்ணுகிறான், கதவுகளின் கைப்பிடிகளைச் சரிபார்க்கிறான், எதிரே வருகிறவன் முகத்தை நம்புவதா என்று யோசிக்கிறான். நாயகன் கவனியாமல் கடந்துவிட்ட ஒன்று தன் கண்ணில் பட்டுவிட்டால், நில்லடா, போகாதே என்று இருந்த இடத்திலேயே முணுமுணுக்கிறான்.